அலைகளுக்கு ஒரு சுற்றறிக்கை

ஜெர்மனியின் ஆட்டோபான் அதிவேகச் சாலையில் ஒரு வளைவு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வானொலி ஒலிபரப்பி. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் கார்களுக்கு வந்த புதிது. மெர்சிடிஸ் ஓட்டி வந்த சீமான்கள் அந்த வளைவில் பிரேக்கை மிதித்தால், அது மிதித்தவருக்குக் கட்டுப்படாமல் ஒலிபரப்பிக்குக் கட்டுப்பட்டது. ரேடியோ அலை பிரேக்கின் மின்னணுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட்டிருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அறிவாளிகள் கூடி ஒரு வழி கண்டார்கள். சாலையோரமாகக் கம்பி வலை கட்டிவிட்டார்கள். கோளாறு காரில், வேலி சாலைக்கு. நான் இட்டுக்கட்டவில்லை. மின்காந்த இடையூறால் வந்த கோளாறுகளைத் தொகுத்து 1995-இல் நாசா வெளியிட்ட அறிக்கையில், இது உடனடித் தீர்வு என்ற கௌரவமான பெயரோடு பதிவாகியிருக்கிறது.

பிற்பாடு கார்ப் பெட்டிகளுக்கும் கவசம் வந்தது என்று பொறியாளர்கள் அடித்துச் சொல்வார்கள். வந்ததுதான். ஆனால் அன்று வேலி கட்டிய புத்தி ஓய்வுபெறவில்லை. பதவி உயர்வு பெற்று விதி எழுதும் குழுக்களில் அமர்ந்திருக்கிறது. வண்டியைத் தவிர மற்ற எதை வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே அதன் கொள்கை.

விஷயம் இவ்வளவுதான். வண்டிக்குள் இருக்கும் மின்சாமான், வெளியே இருக்கும் ரேடியோவையும் ஃபோனையும் கெடுக்கக் கூடாது. வெளியே திரியும் அலை, வண்டிக்குள் புகுந்து பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கெடுக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மின்காந்த இணக்கம். உலகின் பல நாடுகளுக்கு இதற்கான வேதம் ஜெனீவாவில் இருக்கிறது: ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 10. அது நடைமுறைக்கு வந்த நாள் 1969 ஏப்ரல் 1. தேதியை வைத்துக் கிண்டல் செய்ய ஆசைதான். அந்த வேலையை விதியே பார்த்துக்கொள்ளும்போது நான் எதற்கு?

அன்றைய கவலை சின்னது. பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் பொறி, தெருவோர வீடுகளின் ரேடியோவில் கரகரத்தது. டிவியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதை அடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் காரில் மின்னணு என்று சொல்லத்தக்கது டேஷ்போர்டில் இருந்த ரேடியோ ஒன்றுதான். இன்று ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கணினி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கண்ணாடியை ஏற்றி இறக்கக்கூட ஒன்று. விலை கூடிய கார்களில் இந்தப் பெட்டிகளின் எண்ணிக்கை நூறைத் தொடுகிறது. காலால் மிதித்த மிதி இப்போது கம்பி வழியாகப் போவதில்லை. மனுவாகப் போகிறது. பெட்டி பரிசீலித்து ஆவன செய்யும்.

சரி, விதியும் வளர்ந்திருக்கும் அல்லவா? வளர்ந்தது. வெளி அலையை வண்டி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையையும் பிற்பாடு சேர்த்தார்கள். அது 20 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2 ஜிகாஹெர்ட்ஸில் நின்றது. வீட்டு வை-ஃபையும் காதில் மாட்டும் புளூடூத்தும் ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸில், வை-ஃபைக்கு 5-இலும் ஒரு பாதை உண்டு. இரண்டும் சந்தைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. 2019 ஏப்ரல் 3 அன்று, ஹூண்டாய் பிறந்த தென்கொரியாவில், 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் 5ஜி சேவை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில்தான் ஒழுங்குமுறை 10-இன் ஆறாவது திருத்தத் தொடர் நடைமுறைக்கு வந்தது. பக்கம் பக்கமாகத் திருத்தினார்கள். எல்லைக் கல்லை மட்டும் 2-ஐ விட்டு அசைக்கவில்லை. சியோல் நகரத் தெருவில் ஓடிய அலையின் செய்தி ஜெனீவாவுக்கு மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்ததோ என்னவோ.

அளக்கத் தெரியவில்லை என்றால் மன்னிக்கலாம். சோதனை முறையை எழுதிய பன்னாட்டுத் தரக்குழுவின் ஐஎஸ்ஓ 11451, 18 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் எப்படி அளப்பது என்று வழி சொல்லி வைத்திருக்கிறது. ஏணி 18 படி, அந்தத் திருத்தத்திலும் சட்டம் ஏறியது 2 படி.

இனி அந்தச் சோதனை நடக்கும் அழகைக் கேளுங்கள். இரும்புச் சுவர், உள்பக்கம் முழுக்கக் கூம்பு கூம்பாய் அலையை விழுங்கும் பஞ்சு. சேம்பர் என்பார்கள். அதற்குள் வண்டியை உருளைமேல் நிறுத்தி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட விடுகிறார்கள். ஹெட்லைட்டின் தாழ்வெளிச்சம் எரிய வேண்டும், வைப்பர் முழு வேகத்தில் ஆட வேண்டும், ஓட்டுநர் பக்கத்து இண்டிகேட்டர் மினுக்க வேண்டும், சீட் நடுவாந்தரமாக இருக்க வேண்டும். ஆள் ஏறக் கூடாது. ஆன்டெனா எதிரே நிற்கும். வண்டி அதைப் பார்த்தபடி இருக்கும். பெண் பார்க்க வருகிற அன்று பெண்ணை நடுக்கூடத்தில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார வைத்து, பாடத் தெரிந்த ஒரே பாட்டைப் பாட வைப்பது போலத்தான் இதுவும். மின்னணுப் பெட்டிகள் பெரும்பாலும் பின்னால் இருந்தால் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. அப்புறம் ஆன்டெனா மீட்டருக்கு 30 வோல்ட் வீதம், ஒரு நேரத்துக்கு ஓர் அதிர்வெண்ணாக, அலையை வீசும். வேகம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ தோல்வி. 45-க்கும் 55-க்கும் நடுவே அது என்ன ஆட்டம் போட்டாலும் பரவாயில்லை, தேர்ச்சி.

ஒரு மாதிரி வண்டி தேறினால் போதும். அதன் குலத்தில் பிறக்கும் லட்சம் வண்டிகளும் பிறக்கும்போதே தேறியவை.

இப்படியொரு விதி உண்மையிலேயே மக்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. வண்டியை விட்டுவிட்டு அலைகளைக் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும். சுற்றறிக்கையை நானே எழுதித் தருகிறேன்; முத்திரை மட்டும் அவர்கள் குத்திக்கொள்ளட்டும். "பிரபஞ்சத்திலுள்ள அனைத்து மின்காந்த அலைகளின் மேலான கவனத்திற்கு. 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்டோர் வாகனங்களைத் தீண்டுவது இதன்மூலம் தடை செய்யப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட அதிர்வெண்ணினரும் வாகனத்தின் முன்புறமாக மட்டுமே அணுக வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடி, கூரை, டிக்கி வழியாக நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழையலாகாது, வரிசையில் வரவும். வாகனம் மணிக்கு 50 கிலோமீட்டரில், வைப்பர் ஆடிக்கொண்டும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டும் செல்கையில் மட்டுமே இடையூறு செய்யலாம்; 100-ஐத் தாண்டிச் செல்லும் வாகனங்களுக்கு இடையூறு செய்வது வாகன உற்பத்தியாளரின் மனத்தைப் புண்படுத்தும் செயலாகக் கருதப்படும். பயணிகளின் சட்டைப்பையிலிருந்து புறப்படும் அலைகள் இந்த அலுவலகத்தின் கணக்கில் இல்லாதவை. ஆகவே அவை இல்லை."

கடைசி வரிதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஆன்டெனா அனுப்பும் ஆற்றலை வாட்டில் எடுத்து, 30-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, தூரத்தால் வகுத்தால், அந்த இடத்தில் அலையின் வலிமை தோராயமாகக் கிடைத்துவிடும். மிக அருகில் கணக்கு சற்றே பிசகும். அளவு விளங்க இது போதும். பழைய 2ஜி ஃபோன், கோபுரம் தொலைவில் இருந்தால் உச்சத்தில் 2 வாட்டில் கத்தும். பத்து சென்டிமீட்டர் தள்ளி அதன் வலிமை மீட்டருக்குச் சுமார் 77 வோல்ட். இன்றைய 5ஜி ஃபோனுக்கு 0.2 வாட்தான், ஆனால் ஐந்து சென்டிமீட்டரில் அதுவும் 50-ஐ நெருங்கும். சட்டம் கேட்பது 30. ஃபோனை எங்கே வைக்கிறோம்? கியர் பக்கத்துக் குழியில், டேஷ்போர்டின் மேல், கதவுப் பையில். அதாவது அந்தப் பெட்டிகளும் ஒயர் ஹார்னஸும் ஓடுகிற இடங்களின் தலைமாட்டில். வண்டிக்கு உள்ளே இருந்தே அலையை அனுப்பிப் பார்க்கும் சோதனை முறையையும் ஐஎஸ்ஓ தனியாக எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்குமுறை 10 அதை உற்பத்தியாளருக்குக் கட்டாயமாக்கவில்லை. பயணிகள் நிரம்பி வழியும் ஒரு பேருந்தில் எத்தனை ஃபோன்கள் என்று எண்ணிப் பார்க்க எந்தக் குழுவுக்கும் நேரமில்லை. குழு உறுப்பினர்கள் பேருந்தில் போகிறவர்கள் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கார்க் கம்பெனிகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் சொந்தச் சோதனைகள் சட்டத்தைவிடக் கடுமையானவை. மீட்டருக்கு 100 வோல்ட், 200 வோல்ட், ராடார் துடிப்புகளுக்கு அதையும் தாண்டி என்று உதிரிபாகம் செய்பவர்களைப் போட்டு வாட்டுவார்கள். ஆக, சட்டம் கேட்கும் 30 போதாது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தே பூட்டி வைத்திருக்கிறார்கள். என் காசைக் கொடுத்து நான் வாங்கும் வண்டி எத்தனை வோல்ட் வரை தாங்கியது, எந்த அதிர்வெண்ணில் திணறியது என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை ஸ்பீக்கர் என்று சொல்வார்கள், கூரை திறக்குமா என்று சொல்வார்கள், விபத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் சொல்வார்கள். இதைக் கேட்டால் வியாபார ரகசியம். நல்ல கம்பெனி ரகசியமாக நல்லது செய்கிறது. மலிவாகச் செய்பவன் சட்டம் கேட்ட முப்பதோடு முடித்துக்கொள்கிறான். சான்றிதழ் இருவருக்கும் ஒன்றே. சட்டம் யாருக்காகக் குனிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அமெரிக்காவில் இந்தக் குனிதல்கூட இல்லை. அங்கே சட்டம் படுத்தே இருக்கிறது. வெளி அலையைக் கார் தாங்க வேண்டும் என்று கூட்டாட்சி அரசின் கட்டாய விதி ஒன்றுமே கிடையாது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரங்கள் உண்டு, அவை விருப்பப் பாடம். வெளியே அலையைக் கக்கும் கணக்கில் இன்னும் வேடிக்கை. மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் இவ்வளவுக்கு மேல் இரைச்சல் எழுப்பக் கூடாது என்று தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வரம்பு வைத்திருக்கிறது. அதே ஆணைய விதிகளின் பதினைந்தாம் பாகத்தில் ஒரு விலக்கு: வாகனத்தில் மட்டுமே பயன்படும் டிஜிட்டல் கருவிகளுக்கு அந்தத் தொழில்நுட்ப வரம்புகள் பொருந்தா. ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு வரம்பு உண்டு. நூறு கம்ப்யூட்டரைச் சக்கரம் வைத்து ஊர்சுற்ற விட்டால் வரம்பு இல்லை.

அதன் பலனை மின்வண்டி வந்ததும் அறுவடை செய்தார்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி நறுக்கித் தருவது இன்வெர்ட்டர். நொடிக்குப் பல ஆயிரம் முறை நறுக்கும் அந்த வேலையின் இரைச்சல், மீடியம் வேவ் ரேடியோ ஓடும் 530 முதல் 1,700 கிலோஹெர்ட்ஸ் வரை நிறைந்துவிடும். ஜெனீவாவின் ஒழுங்குமுறை 10 கேட்ட உமிழ்வு அளவீடோ 30 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. மின்வண்டி கூச்சல் போடுவது அதற்குக் கீழே. மாடியில் காவல் வைத்துவிட்டு நிலவறையைத் திறந்து போட்டிருந்தார்கள். மின்வண்டிகளின் கீழலைக் கூச்சலை அளக்கப் பன்னாட்டுக் குழு சிஸ்பர் 36 என்று ஒரு தரம் வெளியிட்டது 2020-இல். டொயோட்டா பிரியஸ் 1997-இலும் நிசான் லீஃப் 2010-இலும் தெருவுக்கு வந்துவிட்டன. குழந்தை கல்லூரிக்குப் போன பிறகு பிறப்புச் சான்றிதழ்.

இரைச்சலுக்குக் கம்பெனிகள் கண்ட மருந்து, ரேடியோவைப் பிடுங்குவது. அமெரிக்க செனட்டர் எட் மார்க்கி 2022 டிசம்பரில் இருபது கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, மாஸ்டா, போல்ஸ்டார், ரிவியன், டெஸ்லா, ஃபோக்ஸ்வாகன், வால்வோ ஆகிய எட்டும் மின்வண்டிகளில் மீடியம் வேவைக் கைவிட்டிருந்தன. மற்றவை பல அதே மின்சாரத்தை ஓட்டிக்கொண்டே ரேடியோவையும் பாட வைத்தன என்பதைக் கவனியுங்கள். கேபிளுக்குக் கவசம், வடிகட்டி, ஒழுங்கான எர்த்திங்: மருந்து தெரியாத நோய் இல்லை, காசு கொடுக்க மனமில்லாத நோய். பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமாவின் முன்னாள் தலைவர்கள் பதறினார்கள். மின்சாரமும் செல்பேசியும் செத்த நேரத்தில் அரசின் குரல் மக்களைச் சேரும் வழி 77 வானொலி நிலையங்கள். நாட்டின் மக்கள்தொகையில் 90 விழுக்காட்டுக்கு மேல் அவற்றின் எல்லைக்குள் வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலன்று சென்னையில் ஃபோனைத் தூக்கித் தூக்கி சிக்னல் தேடியவர்களுக்கு அந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

ஃபோர்டு ஒரு படி மேலே போனது. 2024 மாடல்களில், இன்வெர்ட்டரே இல்லாத பெட்ரோல் வண்டிகளிலும், மீடியம் வேவை எடுத்துவிடுவதாக இருந்தது. கேட்பவர் குறைவாம். 2023 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் ரேடியோவைக் கட்டாயமாக்கும் மசோதா நிழலாடியதும் ஃபோர்டின் தலைமை நிர்வாகி மனம் மாறினார். எல்லா வண்டியிலும் ரேடியோ உண்டு, ஏற்கெனவே ரேடியோ இல்லாமல் வந்த மின்வண்டிகளுக்கும் மென்பொருள் அனுப்பித் தந்துவிடுகிறோம் என்றார். மென்பொருள்! இயற்பியல் தடுக்கிறது, இன்வெர்ட்டர் தடுக்கிறது என்று சொல்லிப் பிடுங்கியதை, காற்றிலே அனுப்பும் மென்பொருளால் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால், இடையூறு செய்தது மோட்டாரா, முதலாளியா?

வண்டியைத் தவிர மற்றதைத் திருத்தும் சாத்திரத்தில் அமெரிக்காவுக்குப் பழைய தேர்ச்சி உண்டு. 1975-இல் லாரிகளுக்குப் புதிய பிரேக் தரம் கொண்டுவந்தார்கள். ஏபிஎஸ் இல்லாமல் அதை எட்டுவது அரிது. அன்றைய மின்னணுப் பெட்டிகள் நம்பத்தகுந்தவையாக இல்லை. ரேடியோ அலை பட்டாலே குழம்புகின்றன என்பதும் புகார்களில் ஒன்று. பெட்டியை உருப்படியாகச் செய் என்று சொல்ல ஆளில்லை. லாரி செய்யும் பக்கார் கம்பெனி வழக்குப் போட்டது; 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தரத்தின் உயிர்நாடியை அறுத்தது. லாரிகளுக்கு ஏபிஎஸ் மறுபடி கட்டாயமாக 1997 ஆயிற்று. இங்கே திருத்தப்பட்டது விதி.

டொயோட்டா விவகாரத்தில் திருத்தப்பட்டது ஓட்டுநர். வண்டி தானாகப் பாய்கிறது என்று 2009, 2010-இல் புகார்கள் குவிந்தபோது, சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நாசாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தது. நிலவுக்கு ராக்கெட் விட்டவர்கள் ஆக்சிலரேட்டரைக் குடைந்தார்கள்; மிச்சிகனில் வண்டிகள்மேல் மின்காந்த அலையை வீசியும் பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில், அதிவேகப் பாய்ச்சலுக்கு மின்னணுக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்று முடிவு வந்தது. சிக்கிக்கொள்ளும் பெடலும் நகரும் கால்மிதியும்தான் குற்றவாளிகள். மிச்சப் பழி தவறான பெடலை மிதித்த கால்களுக்கு. அந்த முடிவோடு எனக்குச் சண்டையில்லை. கிடைக்காததால் நடக்கவே முடியாது என்று ஆகாது என்றும் அதே அறிக்கை ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரியை மேடையில் யாரும் உரக்கப் படிக்கவில்லை. என் கோபம் வேறு. வண்டி பாய்வதை விசாரிக்க விண்வெளி நிறுவனத்தைக் கடன் வாங்கும் நிலையில் ஓர் அரசு ஏன் இருந்தது? ஆக்சிலரேட்டருக்கென்று அவர்கள் கையில் இருந்த பாதுகாப்புத் தரம் 1973-ஆம் ஆண்டுச் சரக்கு. ஸ்பிரிங்கும் கேபிளும் காலத்தது. மின்னணுவியல் தெரிந்த ஆட்களின் பலத்தைக் கூட்டிக்கொள் என்று 2012-இல் தேசிய அறிவியல் கழகங்களின் குழு வெளிப்படையாகவே இடித்துரைத்தது.

நம் வீட்டுக்கு வருவோம். ஐ.நா.வின் 1958 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆனாலும் இங்கே உள்ள ஏஐஎஸ்-004 பகுதி 3, ஒழுங்குமுறை 10-ஐ ஒட்டியே எழுதப்பட்டது. ஜெனீவாவில் மழை பெய்தால் புனேயில் குடை விரியும். இங்கே தரம் எழுதும் வேலையில் முக்கியமான நாற்காலி ஏஆர்ஏஐ என்ற புனே நிறுவனத்துக்கு. 1966-இல் வாகனத் தொழில்துறையும் அரசும் சேர்ந்து தொடங்கியது. வண்டியைச் சோதித்துச் சான்று தருவதும் அதன் தொழில். பரீட்சை எழுதுகிறவர்கள் கூடி நடத்தும் பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் கடினமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவன் அப்பாவி. அங்குள்ள பொறியாளர்களின் திறமையை நான் குறை சொல்லவில்லை. வினாத்தாளைத்தான் சொல்கிறேன்.

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி வந்தது. ஏலத்தில் விற்றதில் முக்கியமானது 3.3 முதல் 3.67 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அலையை விற்றுக் காசு வாங்கிய அதே அரசு, அந்த அலையில் வண்டி தாங்குமா என்று வண்டிக்காரனைக் கேட்டதா? தொலைத்தொடர்பு ஒரு அமைச்சகம், சாலை இன்னொரு அமைச்சகம், கனரகத் தொழில் மூன்றாவது. டில்லியில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போகும் வேகத்துக்கு ஹெர்ட்ஸில் அலகு கண்டுபிடிக்க முடியாது.

கருவிக்கா பஞ்சம்? சென்னையை அடுத்த ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மின்காந்த இணக்கமே அதன் சிறப்புத் துறைகளில் ஒன்று. முழு வண்டியையும் உள்ளே விடும் சேம்பர் மக்கள் வரிப்பணத்தில் எழுந்து நிற்கிறது. சுற்றிலும் கார் ஆலைகள். ஓசூர்ப் பக்கம் போனால் மின்ஸ்கூட்டர் ஆலைகள். ஷோரூமிலிருந்து யாருக்கும் சொல்லாமல் ஒரு வண்டியை வாங்கி, உள்ளே நாலு ஃபோனை உயிரோடு வைத்து, நான்கு பக்கத்திலிருந்தும் அலையை வீசி, கிடைத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் மக்கள் முன் வைக்க எத்தனை நாள் ஆகும்? கேட்டால், விதியில் இடமில்லை என்பார்கள். விதியை யார் எழுதியது என்று கேட்டால், குழு என்பார்கள். குழுவில் யார் என்று கேட்டால், காபி சாப்பிடுகிறீர்களா என்பார்கள்.

விற்ற பிறகு வண்டி மாறும் கதை தனி. ராத்திரி நிறுத்தியிருக்கும்போதே மென்பொருள் வந்து இறங்கி, காலையில் அது வேறு வண்டியாக எழுந்திருக்கும் காலம் இது. மென்பொருளை வைத்தே ரேடியோ இரைச்சலைக் குறைக்கலாம் என்றால், அதே மென்பொருளால் கூட்டவும் முடியும். புதுப்பித்த வண்டியை யார் சேம்பருக்குள் தள்ளுகிறார்கள்? இது போதாதென்று நம் மெக்கானிக் கடைகளின் கைங்கரியம் வேறு: கண் கூசும் எல்இடி விளக்கு, பெயர் தெரியாத ஊரில் செய்த சார்ஜர், டிக்கி நிறைய ஆம்ப்ளிஃபயர். மாட்டியதும் எஃப்எம் ரேடியோ செத்துப்போனால், அது அலையின் முதல் எச்சரிக்கை. அதைக் கேட்டு விளக்கைக் கழற்றியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு ஃபோனில் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள். ஜெனீவாவுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை நாம்.

புகார் சொல்ல வழியில்லையா என்று கேட்கலாம். உண்டு. கோளாறான வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் மத்திய அரசுக்கு வந்தது. புகார்கள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் விசாரணை, அபராதம் எல்லாம் எழுதியிருக்கிறது. புகார் எண்ணிக்கையில் ஏற வேண்டுமென்றால் முதலில் அது புகாராகப் பிறக்க வேண்டும். மின்காந்தக் கோளாறு, சாட்சி வைத்துவிட்டுப் போகிற ரகமில்லை. டவர் பக்கத்தில் ஒரு கணம் ஸ்டியரிங் கனத்தது, பாலத்தின் மேல் மீட்டர் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தது, அவ்வளவுதான். வண்டியைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், அந்த டவரும் அந்தக் கணமும் கூடவே வருமா? கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். "எரர் கோட் எதுவும் வரல சார். நீங்க தெரியாம ஏதாவது ஸ்விட்ச அழுத்தியிருப்பீங்க." இல்லை தம்பி, நான் எதையும் தொடவில்லை என்றால், "மறுபடி வந்தா அப்படியே வண்டிய நிறுத்திட்டு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க சார்" என்பார். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும்போது, அடுத்த கையால் படம் பிடிக்க வேண்டுமாம். கடைசியில் ஜாப் கார்டில், வாடிக்கையாளர் கூறுகிறார், சோதனையில் தென்படவில்லை என்று எழுதி, நம்மிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியைக் கழுவித் திருப்பித் தருவார்கள். கழுவியதற்கு ஜிஎஸ்டியோடு தனி பில்.